அலாஸ்கா 2022: இருவரையும் வெல்லக்கூடியவர் முதலில் வெளியேறியது எப்படி?

வேட்பாளர்களை 1, 2, 3 என்று விருப்பப்படி வரிசைப்படுத்தி ஓட்டுப் போடும் தரவரிசை வாக்கு முறையைப் பற்றி அமெரிக்காவில் யார் வாதாடினாலும், கொஞ்ச நேரத்தில் பேச்சு அலாஸ்காவுக்கு வந்துவிடும். முறையை ஆதரிப்பவர்களும் அலாஸ்காவைத்தான் காட்டுகிறார்கள், ஒழித்துக்கட்ட வேண்டும் என்பவர்களும் அதையேதான் காட்டுகிறார்கள். இரு தரப்புக்கும் சாட்சி 2022 ஆகஸ்ட் 16 அன்று நடந்த ஓர் இடைத்தேர்தல். அதன் எண்கள் முழுக்கப் பொதுவில் கிடக்கின்றன. வாக்காளர் பெயர் இல்லாமல், ஒவ்வொரு வாக்குச்சீட்டிலும் யாருக்கு எந்த இடம் தரப்பட்டது என்பது வரை மாநிலத் தேர்தல் துறை வெளியிட்டிருக்கிறது. அதை வைத்துக்கொண்டு பொறுமையாகக் கணக்குப் போட்டால், இரு தரப்பும் உரக்கச் சொல்கிற முழக்கங்களில் பாதிகூடத் தேறுவதில்லை. அந்தத் தேர்தலில் கோளாறு நடந்தது உண்மை. அது எங்கே நடந்தது என்பதைத்தான் இரு தரப்புமே தவறாகச் சொல்கின்றன.

களம் அமைந்த விதம்

அமெரிக்க நாடாளுமன்றத்தின் கீழவையான பிரதிநிதிகள் சபையில் அலாஸ்காவுக்கு ஒரே ஓர் இடம். குடியரசுக் கட்சியின் டான் யங் 1973 முதல் அதை விடாமல் வைத்திருந்தார். 2022 மார்ச் 18 அன்று அவர் இறந்தபோது, தேர்தல் விதிகள் ஏற்கெனவே மாறியிருந்தன. 2020 நவம்பரில் மக்கள் வாக்கெடுப்பில் 50.55 சதவீத ஆதரவுடன், அதாவது மயிரிழையில், புதிய சட்டம் நிறைவேறியிருந்தது.

அந்தச் சட்டம் இரண்டு பெரிய மாற்றங்களை ஒரே கட்டாகக் கொண்டுவந்தது. முதலாவது, வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கக் கட்சிவாரியாக நடந்த முதன்மைத் தேர்தலை எடுத்துவிட்டு, எல்லாக் கட்சி வேட்பாளர்களும் ஒரே பட்டியலில் நிற்பார்கள், முதல் நான்கு பேர் பொதுத்தேர்தலுக்குப் போவார்கள் என்றது. இரண்டாவது, அந்த நான்கு பேரையும் வாக்காளர் 1, 2, 3, 4 என்று வரிசைப்படுத்தலாம் என்றது. முதல் விருப்பத்தில் யாருக்கும் பாதிக்கு மேல் வராவிட்டால், கடைசி இடத்தில் இருப்பவரை நீக்கி, அவருடைய சீட்டுகளை அவற்றில் உள்ள அடுத்த விருப்பத்துக்கு மாற்றி எண்ணுவார்கள். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காததால் வந்த குழப்பம் இன்றுவரை தொடர்கிறது.

உதாரணத்துக்கு, இந்தச் சட்டமே அலாஸ்காவின் குடியரசுக் கட்சி செனட்டர் லீசா முர்காவ்ஸ்கியைக் காப்பாற்றக் கொண்டுவந்தது என்ற குற்றச்சாட்டு. அதை முன்னின்று வரைந்த வழக்கறிஞர் ஸ்காட் கெண்டல் முன்பு முர்காவ்ஸ்கியின் தேர்தல் பணியில் இருந்தவர். முர்காவ்ஸ்கியும் 2010இல் சொந்தக் கட்சியின் முதன்மைத் தேர்தலில் தோற்று, சீட்டில் தன் பெயரை வாக்காளர்களே கைப்பட எழுதும்படி கேட்டு ஜெயித்தவர். சந்தேகம் வருவது இயல்புதான். ஆனால் 2022 நவம்பரில் அவர் முதல் விருப்ப வாக்குகளிலேயே முன்னிலையில் இருந்தார்: அவருக்கு 43.4 சதவீதம், எதிர்த்து நின்ற கெல்லி சிபாக்காவுக்கு 42.6. அவருக்கு உதவியது என்று எதையாவது சொல்ல வேண்டுமானால் திறந்த முதன்மைத் தேர்தலைச் சொல்லலாம். தரவரிசை அங்கே முடிவை மாற்றவில்லை.

சரி, இடைத்தேர்தலுக்கு வருவோம். ஜூன் 11 முதல்கட்டத்தில் 48 பேர் நின்றார்கள். முன்னாள் ஆளுநர் சாரா பேலின் 27 சதவீதம், இன்னொரு குடியரசுக் கட்சிக்காரரான நிக் பெகிச் 19 சதவீதம், சுயேச்சை அல் கிராஸ் ஏறத்தாழ 12.6 சதவீதம், ஜனநாயகக் கட்சியின் மேரி பெல்டோலா வெறும் 10 சதவீதம். கிராஸ் விலகிக்கொண்டார். விலகல் காலக்கெடு தாண்டி வந்ததால் ஐந்தாவது இடக்காரரை மேலே கொண்டுவர முடியாது என்று தேர்தல் துறை சொன்னது, நீதிமன்றமும் அதை ஏற்றது. கடைசியில் களத்தில் மூன்று பேர். அதில் இருவர் ஒரே கட்சி.

அந்த இருவரும் ஒருவரையொருவர் கடுமையாகத் தாக்கிக்கொண்டார்கள். பேலின் இந்த முறையே குழப்பமானது, மோசமானது என்று மேடைக்கு மேடை சொன்னார். பெல்டோலாவோ யாரையும் திட்டாமல் மீன்வளம், குடும்பம், சுதந்திரம் என்று பேசிக்கொண்டு போனார்.

வாக்குச்சீட்டையும் ஒரு நிமிடம் பார்க்க வேண்டும். அன்றைக்கு வாக்காளர் கையில் கிடைத்தது இருபக்கச் சீட்டு. ஒரு பக்கம் நவம்பர் தேர்தலுக்கான முதன்மைத் தேர்தல். அதில் ஒவ்வொரு பதவிக்கும் ஒருவருக்கு மட்டும் வட்டத்தை நிரப்ப வேண்டும். மறுபக்கம் இடைத்தேர்தல், அதில் வேட்பாளர்கள் வரிசையாகவும் இடங்கள் பத்திகளாகவும் கட்டம் போட்டிருக்கும், விரும்பிய அளவு வரிசைப்படுத்தலாம். ஒரே தாளில் இரண்டு விதி. மாநிலம் முழுக்க முதன்முறையாகத் தரவரிசை போடும் மக்களிடம் இப்படியொரு தாளைக் கொடுத்தது நல்ல ஏற்பாடு இல்லை என்றே நினைக்கிறேன்.

எண்ணிக்கை

முதல் சுற்றில் பெல்டோலா 75,799. பேலின் 58,973. பெகிச் 53,810. மொத்தம் 1,88,582 வாக்குகள். யாருக்கும் பாதி வரவில்லை. மூன்றாமிடத்தில் இருந்த பெகிச் நீக்கப்பட்டார், அவருடைய சீட்டுகளில் அடுத்த விருப்பம் யார் என்று பார்த்தார்கள். 27,053 பேர் பேலினைப் போட்டிருந்தார்கள். 15,467 பேர் பெல்டோலாவை. மீதி 11,290 சீட்டுகளில் செல்லத்தக்க அடுத்த விருப்பமே இல்லை. ஆகஸ்ட் 31 அன்று முடிவு தெரிந்தது. இறுதிக் கணக்கில் பெல்டோலா 91,266, பேலின் 86,026. அமெரிக்க நாடாளுமன்றத்துக்குப் போகும் முதல் அலாஸ்கா பூர்வகுடிப் பெண் ஆனார் பெல்டோலா.

அன்றே சண்டை ஆரம்பித்துவிட்டது. ஆர்கன்சா செனட்டர் டாம் காட்டன், இது தேர்தலை வளைக்கும் மோசடி என்றார். அவருடைய வாதம் சுருக்கமாக இதுதான்: 60 சதவீதம் பேர் குடியரசுக் கட்சிக்குப் போட்டிருக்கிறார்கள், வந்ததோ ஜனநாயகக் கட்சிக்காரர், சிக்கலான முறையும் கணக்கிலிருந்து விழுந்துபோன சீட்டுகளும்தான் காரணம்.

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் எண்களிடம் கேட்டால் வேறு பதில் வருகிறது. பெகிச்சுக்குப் போட்டவர்களில் பாதிப்பேர்தான் பேலினை அடுத்ததாக வைத்தார்கள். கட்சி ஒன்று என்பதற்காக ஓட்டு அப்படியே இடம் மாறும் என்று காட்டன் நினைத்தார். வாக்காளர் அப்படி நினைக்கவில்லை. விழுந்துபோன 11,290 சீட்டுகளை எடுத்துக்கொள்வோம். அவர்களும் மற்ற பெகிச் வாக்காளர்கள் பிரிந்த அதே விகிதத்தில், அதாவது 64க்கு 36 என்று, பிரிந்திருந்தால் பேலினுக்குக் கூடுதலாக ஏறத்தாழ 7,180, பெல்டோலாவுக்கு 4,110. பேலினுக்கு நிகர லாபம் 3,000 சொச்சம். அவர் தோற்றதோ 5,240 வாக்கில். சீட்டு விழுந்துபோனதால் அவர் தோற்கவில்லை. பக்கத்து வீட்டுக் குடியரசுக் கட்சிக்காரருக்கே அவரைப் பிடிக்காததால் தோற்றார். பழைய முறையில், ஒரே சுற்றில் அதிக ஓட்டு வாங்கியவர் வெற்றி என்று எண்ணியிருந்தாலும் 75,799 வாங்கிய பெல்டோலாதான் ஜெயித்திருப்பார்.

ஆதரவாளர்கள் தவிர்க்கிற எண்

இதுவரைக்கும் சொன்னதை முறையின் ஆதரவாளர்கள் சந்தோஷமாகப் பகிர்வார்கள். அடுத்து வருவது அவர்களுக்குப் பிடிக்காது.

முதலில் பெரும்பான்மை என்ற பேச்சு. தரவரிசை முறையில் வெல்பவர் எப்போதும் பெரும்பான்மை ஆதரவோடு வருவார் என்பது அவர்களுடைய பிரசுரங்களில் தவறாமல் இடம்பெறும் வரி. 91,266 என்பது கடைசிச் சுற்றில் மிஞ்சிய சீட்டுகளில் 51.5 சதவீதம். முதல் சுற்றில் எண்ணிய எல்லாச் சீட்டுகளிலும் கணக்கிட்டால் 48.4. கடைசிச் சுற்றில் இருவர்தான் மிஞ்சுவார்கள் என்றால் அவர்களில் ஒருவருக்குப் பாதிக்கு மேல் வந்தே தீரும். அதைப் பெரும்பான்மை ஆதரவு என்று விளம்பரம் செய்வது வாக்காளரை ஏமாற்றுவது.

இரண்டாவதுதான் முக்கியமானது. வெளியான சீட்டுகளைக் கொண்டு, மூவரில் எந்த இருவரை எடுத்தாலும் யார் யாரை விட மேலே வைக்கப்பட்டார் என்று எண்ணிப் பார்க்கலாம். பேலினை முதலில் வைத்தவர்களில் 34,000 பேருக்கு மேல் பெகிச்சை இரண்டாவதாக வைத்திருந்தார்கள். பெல்டோலாவை இரண்டாவதாக வைத்தவர்கள் 4,000 பேர்கூட இல்லை. மற்றவர்கள் அடுத்த இடத்தை வெறுமனே விட்டுவிட்டார்கள். ஆகவே பெகிச்சும் பெல்டோலாவும் மட்டும் மோதியிருந்தால் பெகிச் சுமார் 52.5 சதவீதத்தில் ஜெயித்திருப்பார். பெகிச்சும் பேலினும் மட்டும் மோதியிருந்தால் இன்னும் எளிது. பெல்டோலாவின் ஆதரவாளர்களும் சேர, பெகிச்சுக்கு 60 சதவீதத்துக்கும் மேல் வந்திருக்கும்.

மற்ற இருவரில் யாரோடு மோதினாலும் வெல்லக்கூடிய ஒரே மனிதர் பெகிச். அவரைத்தான் முதலில் வெளியே அனுப்பியது இந்த எண்ணிக்கை.

ஓட்டைப் பிரித்துவிடுவாரோ என்று பயப்படாமல் மனசுக்குப் பிடித்தவருக்குப் போடலாம் என்பதுதான் தரவரிசை முறையின் பெரிய வாக்குறுதி. அலாஸ்காவில் அந்த வாக்குறுதி பொய்த்தது. பேலின் களத்தில் இல்லாவிட்டால் பெகிச் ஜெயிக்கிறார். பேலின் இருப்பதால் பெல்டோலா ஜெயிக்கிறார். பேலினால் தானும் ஜெயிக்க முடியவில்லை. ஓட்டைப் பிரிப்பது என்று நாம் சொல்வது இதைத்தானே?

இன்னும் ஒரு படி உள்ளே போனால் மனம் சங்கடப்படுகிறது. பேலினுக்கும் பெகிச்சுக்கும் இடையில் வித்தியாசம் 5,163 வாக்குகள். பேலினை முதலிலும் பெகிச்சை இரண்டாவதாகவும் வைத்தவர்களில் ஒரு 5,200 பேர் அன்று ஓட்டுப் போடவே வராமல் வீட்டில் இருந்திருந்தால், மூன்றாமிடத்துக்குப் போவது பேலின். அவருடைய சீட்டுகள் பெகிச்சுக்குப் போகும், பெகிச் ஜெயிப்பார். அதாவது அந்த 5,200 பேர் வாக்குச்சாவடிக்கு வந்து, உண்மையாக, சரியாகச் சீட்டை நிரப்பியதாலேயே அவர்களுக்கு மூன்றில் கடைசி விருப்பமானவர் வந்தார். ஒரு வாக்காளரிடம் இதை எப்படி விளக்குவது? முறையை ஆதரிக்கிற நானும் இதற்குச் சமாதானம் தேடிப் பார்த்திருக்கிறேன். கிடைக்கவில்லை.

இது அலாஸ்காவில் மட்டும் நடந்த விபத்தும் அல்ல. வெர்மான்ட் மாநிலத்தின் பர்லிங்டன் நகரில் 2009 மேயர் தேர்தலில் இதே கதைதான். குடியரசுக் கட்சியின் கர்ட் ரைட் முதல் சுற்றில் 2,951, முற்போக்குக் கட்சியின் பாப் கிஸ் 2,585, ஜனநாயகக் கட்சியின் ஆண்டி மான்ட்ரோல் 2,063. கடைசியில் கிஸ் 4,313க்கு 4,061 என்று ரைட்டை வென்றார். நேருக்கு நேர் எண்ணினால் அந்த இருவரையுமே வென்றிருக்கக்கூடியவர் மான்ட்ரோல். மறு ஆண்டே நகர மக்கள் முறையை நீக்கினார்கள், பிறகு 2021இல் நகரமன்றத்துக்கும் 2023இல் மேயருக்கும் திரும்பக் கொண்டுவந்தார்கள். இரண்டு ஊரிலும் பொதுவான அமைப்பு ஒன்றுதான்: இரண்டு ஓரங்களில் வலுவான ஆதரவுள்ள இருவர், நடுவில் எல்லோருக்கும் இரண்டாம் விருப்பமான ஒருவர். முதல் விருப்பத்தை மட்டும் வைத்துக் கடைசி ஆளை நீக்கும்போது, நடுவில் நிற்பவர் இரண்டு பக்கமும் நெருக்கப்பட்டு முதலில் விழுகிறார்.

யாருக்கு லாபம்?

அமெரிக்காவில் இது ஜனநாயகக் கட்சியின் தந்திரம் என்று ஒரு எண்ணம் பரவியிருக்கிறது. வரலாறு அப்படிச் சொல்லவில்லை. 1918 அக்டோபரில் ஆஸ்திரேலியாவின் ஸ்வான் தொகுதி இடைத்தேர்தலில் வலதுசாரி ஓட்டு பிரிந்து, 34 சதவீதச் சொச்சத்தில் தொழிற்கட்சியின் 22 வயது எட்வின் கோர்பாய் ஜெயித்தார். அதைத் தாங்க முடியாமல் பிரதமர் பில்லி ஹியூஸின் வலதுசாரி நேஷனலிஸ்ட் அரசு அந்த ஆண்டே விருப்ப வரிசை முறையைச் சட்டமாக்கியது. யாருடைய ஓட்டு பிரிகிறதோ அவர்களுக்கு இந்த முறை வேண்டும், யாருக்கு அந்தப் பிரிவால் லாபமோ அவர்களுக்கு வேண்டாம். 2021இல் வர்ஜீனியாவின் குடியரசுக் கட்சி தன் ஆளுநர் வேட்பாளரைத் தரவரிசை போட்டுத்தான் தேர்ந்தெடுத்தது. வந்தவர் கிளென் யங்கின். மறுபக்கம், நெவாடாவிலும் தலைநகர் வாஷிங்டனிலும் இதை எதிர்த்து நின்றது ஜனநாயகக் கட்சி. வாஷிங்டனில் நீதிமன்றம் வரைக்கும் போனார்கள்.

அப்புறம், நீக்கப்பட்டவருக்குப் போட்டவர்களின் அடுத்த விருப்பமும் எண்ணப்படுவதால் 'ஒருவருக்கு இரண்டு ஓட்டு' என்ற புகார். மெய்ன் மாநிலத்தில் 2018 பிரதிநிதிகள் சபைத் தேர்தலில் முதல் சுற்றில் முன்னிலையில் இருந்து பிறகு தோற்ற புரூஸ் போலிக்வின் அதை வழக்காகவே போட்டார். டிரம்ப் நியமித்த நீதிபதி லான்ஸ் வாக்கர் தள்ளுபடி செய்தார். ஒவ்வொரு சுற்றிலும் ஒவ்வொருவர் சீட்டும் ஒரே தடவைதான் எண்ணப்படுகிறது. இதில் மேலே பேச ஒன்றும் இல்லை.

2024: கட்சிகள் கற்றுக்கொண்டன

2022 நவம்பர் பொதுத்தேர்தலில் பெல்டோலா மறுபடியும் ஜெயித்தார், கடைசிச் சுற்றில் 55 சதவீதம். அதிலிருந்து குடியரசுக் கட்சி பாடம் படித்தது. 2024 ஆகஸ்ட் முதன்மைத் தேர்தலில் பெல்டோலா 50.9, பெகிச் 26.6, டிரம்ப்பின் ஆதரவு பெற்றிருந்த துணை ஆளுநர் நான்சி டால்ஸ்ட்ரம் 19.9 சதவீதம். டால்ஸ்ட்ரம் விலகினார். நான்காமிடத்தில் வந்த குடியரசுக் கட்சிக்காரரும் விலகினார். கட்சி முழுக்க ஒரே ஆள் பின்னால் நின்றது. சட்டம் எடுத்துப்போட்ட கட்சி முதன்மைத் தேர்தலைக் கட்சியே வேறு வழியில் திரும்ப நடத்திக்கொண்டது என்று சொல்லலாம்.

விலகியவர்களின் இடத்துக்குக் கீழிருந்தவர்கள் ஏறினார்கள். அதில் ஒருவர் ஜனநாயகக் கட்சி முத்திரையோடு நின்ற, நியூயார்க்கில் சிறைத்தண்டனை அனுபவித்துக்கொண்டிருந்த மனிதர். அவரைச் சீட்டிலிருந்து எடுக்கச் சொல்லி மாநில ஜனநாயகக் கட்சி வழக்குப் போட்டுத் தோற்றது. நவம்பரில் பெகிச் முதல் சுற்றில் 48.4, பெல்டோலா 46.4, முடிவில் பெகிச் 51.2 சதவீதத்தில் ஜெயித்தார். 2022 சீட்டுகள் சொன்ன முடிவு இரண்டு வருடம் தாமதமாக வந்தது, அதுவும் மூன்றாமவர் விலகியதால்.

அதே நாளில் முறையை நீக்கலாமா என்ற வாக்கெடுப்பும் நடந்தது. மறு எண்ணிக்கைக்குப் பிறகு 743 வாக்கு வித்தியாசத்தில் முறை பிழைத்தது. மூன்று லட்சத்துக்கும் மேல் பதிவான வாக்குகளில் 743. டிரம்ப்பைப் பெரும்பான்மையோடு ஜெயிக்க வைத்த அதே வாக்காளர்கள்தான் இதையும் தக்கவைத்தார்கள் என்பது முறையின் ஆதரவாளர்களுக்கு ஆறுதல். ஆனால் தக்கவைக்கும் தரப்பு ஒரு கோடி டாலருக்கு மேல் செலவழித்தது, பெரும்பகுதி வெளி மாநிலப் பணம். அதே நவம்பரில் நெவாடா, ஐடஹோ, கொலராடோ, ஆரிகன் நான்கும் இந்த முறையை நிராகரித்தன. மிசௌரி அரசியல் சட்டத்திலேயே தடை போட்டது, அதுவும் குடிமக்கள் மட்டுமே வாக்களிக்கலாம் என்ற வரியோடு சேர்த்து ஒரே கேள்வியாக வைத்து. வாஷிங்டன் நகரம் மட்டும் பெரும் ஆதரவோடு ஏற்றுக்கொண்டது.

நீக்குவதா, எண்ணிக்கையை மாற்றுவதா

நீக்கச் சொல்பவர்களிடம் ஒரு கேள்வி: நீக்கினால் 2022இல் என்ன நடந்திருக்கும்? கட்சி முதன்மைத் தேர்தலில் பேலினும் பெகிச்சும் மோதியிருப்பார்கள். ஜூன் மாதமும் பேலின்தான் முன்னிலை, ஆகஸ்ட் முதல் விருப்பத்திலும் அவரே. அவர் வேட்பாளராகி, பொதுத்தேர்தலில் பெல்டோலாவிடம் தோற்றிருப்பார். பெகிச் அப்போதும் முதலிலேயே வெளியேறியிருப்பார். எந்தக் கோளாறைக் காட்டி முறையை ஒழிக்கச் சொல்கிறார்களோ, அதே கோளாறு பழைய முறையில் இன்னும் ஆழமாக இருக்கிறது. ஒரே வித்தியாசம், அங்கே இரண்டாம் விருப்பம் எழுதப்படுவதே இல்லை என்பதால் அது கண்ணுக்குத் தெரியாது.

என் முடிவு இதுதான். வரிசைப்படுத்தும் சீட்டு நல்லது, அதை விடக்கூடாது. அதை எண்ணும் விதிதான் மாற வேண்டும். கடைசி இடத்தில் இருப்பவரைக் கண்ணை மூடிக்கொண்டு நீக்குவதற்குப் பதிலாக, கடைசி இருவரை எடுத்து, எல்லாச் சீட்டுகளிலும் அவர்களில் யார் மேலே வைக்கப்பட்டிருக்கிறார் என்று பார்த்து, தோற்பவரை நீக்கலாம். 2022இல் கடைசி இருவர் பேலினும் பெகிச்சும். பெகிச்சை மேலே வைத்தவர்கள் ஒரு லட்சத்துக்கு மேல், பேலினை மேலே வைத்தவர்கள் 63,000 சொச்சம். பேலின் வெளியேறுகிறார், கடைசிச் சுற்றில் பெகிச் பெல்டோலாவை வெல்கிறார். வாக்காளர் புதிதாக எதையும் கற்க வேண்டாம். மற்ற எல்லோரையும் நேருக்கு நேர் வெல்லக்கூடியவர் ஒருவர் இருந்தால், இந்த விதியில் அவர் எந்தச் சுற்றிலும் விழ மாட்டார்.

இதற்கும் ஆட்சேபம் உண்டு, அதை மறைக்கக் கூடாது. விதி இப்படி இருந்திருந்தால் பெல்டோலாவின் ஆதரவாளர்களில் சிலர் தந்திரமாக யோசித்து, பெகிச்சைக் கீழே தள்ளிப் பேலினை இரண்டாவதாகப் போட்டிருக்கலாம். பேலினோடு மோதுவதுதான் பெல்டோலாவுக்கு எளிது என்பதால். நடக்கக்கூடியதுதான். ஆனால் அதற்குத் தங்களுக்குக் கொஞ்சமும் பிடிக்காதவரை ஆயிரக்கணக்கானோர் வேண்டுமென்றே மேலே வைக்க வேண்டும், கணக்குப் பிசகினால் அவரே ஜெயித்துவிடுவார். இன்றைய விதியில் சூது எதுவும் செய்யாமல், நேர்மையாகப் போட்ட ஓட்டே வாக்காளரின் முகத்தில் அடிக்கிறது. எனக்கு இரண்டாவது ஆபத்துதான் பெரிதாகத் தெரிகிறது.

முதல் விருப்பம் குறைவாக உள்ள, யாருக்கும் பெரிதாக வேண்டாத ஒருவர் இப்படி நழுவி வந்துவிடுவார் என்றும் சொல்கிறார்கள். நூற்றுக்கு மூன்று பேர் முதலில் வைத்த ஒருவர் ஜெயித்தால் எனக்கும் உறுத்தும். பெகிச் அப்படிப்பட்டவர் அல்ல. அவருக்கு 28.5 சதவீதம், பேலினுக்கு 31.3. மூன்று சதவீதத்துக்கும் குறைவான இந்த இடைவெளிதான் எல்லாவற்றையும் தீர்மானித்தது.

எண்ணும் விதியைத் திருத்த நாளாகும். அதுவரைக்கும் தேர்தல் துறை ஒரு காரியம் செய்யலாம்: சுற்றுவாரி முடிவோடு, ஒவ்வொரு இருவருக்கும் இடையிலான நேருக்கு நேர் எண்ணிக்கையையும் அதே அறிக்கையில் அதிகாரபூர்வமாக வெளியிடுவது. 2022இல் இதை ஆய்வாளர்கள் மூல சீட்டுத் தரவை இறக்கிக் கணக்குப் போட்டுத்தான் தெரிந்துகொண்டார்கள். அந்தத் தரவு முழுக்க தேர்தல் துறையின் கையில்தான் இருந்தது.